தாமதத்துக்கான காரணம்

ஐந்து நாளுக்குள் ஒருதரம்,
பத்துக்குள் ஒருதரம்,
பிறகும் இரண்டுதரம் போய்ப் பார்க்கவேண்டும்.
கொப்பியில் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறது.
கோடு போட்டவருக்கு வெருகலாற்றைத் தெரியாது.

மார்கழி. மகாவலி
எங்கோ மலையில் குடித்ததையெல்லாம்
எங்கள் வாசலில் வந்து கக்குகிறது.
நாவலடித்துறைப் பாதையில் இடுப்பளவு தண்ணீர்.
ஈச்சிலம்பற்றுக் கடையொன்றின் தாழ்வாரத்தில்
சீமெந்து மூடைகளுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை விட்டேன்.
பக்கத்துப் பிரிவுக்கு இரண்டு வருடமாய் ஆள் இல்லை.
அந்தப் பிரிவும் நான்தான்.
அங்குள்ள நாய்களுக்குக்கூட என் ஹோர்ன் சத்தம் பாடம்.

ஃபோன் எடுத்தேன். மாமியார்.
"அவளுக்கென்ன மிஸ்,
சரக்குத்தண்ணி குடிச்சிட்டுக் கிடக்கிறாள்.
பிள்ளை நல்லாப் பால் குடிக்குது."
பிள்ளையைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள்,
நிறை எவ்வளவு, மூக்கு யாருடையது.
வதனரூபியிட்டக் குடுங்கோ என்றேன்.

சிக்னல் போய்ப் போய் வந்தது.
அல்லது அவள்தான் போய்ப் போய் வந்தாளோ.
"குளிருது மிஸ்."
சீலை எத்தனை மாத்தினாய் இண்டைக்கு?
மழை இரைச்சல்.
"மணக்குது மிஸ்."

எங்கள் பக்கத்தில்
மல்லிகைக்கும் கருவாட்டுக்கும் இதற்கும்
அந்த ஒரு சொல்தான்.
எனக்கு விளங்கிற்று.

இறால் பிடிக்க வந்த மூதூர் மஹ்சூர்
காசு வேண்டாம் என்றார்.
பாதி ஆற்றில் யோசித்து,
எண்ணெய்க்கு மட்டும் தாங்க என்றார்.
ஒரு செருப்பு ஆற்றோடு போனது.

துடக்கு வீடு.
முப்பத்தொரு நாளுக்கு யாரும் உள்ளே போகார்.
பிள்ளையைக் கதவடியில் கேட்டு வாங்கிப் பார்த்து
கதவடியிலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.
வெள்ளைச் சீருடைக்குத் துடக்கில்லை. போனேன்.
காய்ச்சல் நூற்று மூன்று.
பத்தாம் நாள் கருப்பை
கைக்கு எட்டாமல் இறங்கியிருக்கவேண்டும்.
என் விரல்களுக்கு அது தட்டுப்பட்டது.
அமத்தினேன். அவள் கத்தவில்லை,
என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கினோம்.
படகடியில் கால் வைக்க மறுத்தாள்.
"துடக்கு, மிஸ். அவரிட தொழில் படகு."
மஹ்சூர் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:
"ஆறுதானே புள்ள. அது கழுவிரும். ஏறு."

அம்புலன்ஸ் நின்றது, சாரதி லீவு.
ஓட்டோவில் மூதூர்.
மூதூரில் ஊசியும் ஒரு துண்டும், திருகோணமலைக்கு.
கிண்ணியாப் பாலத்தில் பிள்ளை அழுதது.
கண் திறக்காமலே
அவள் கை சட்டைப் பொத்தானைத் தேடியது.

மாத முடிவில் படிவம்.
தாமதத்துக்கான காரணம் என்று கேட்டு
ஒரு விரல் அகலத்தில் ஒரு பெட்டி.
ஆறு என்று எழுதினேன்.
"ஆறு எண்டா என்ன?
ஆறு மணித்தியாலமோ, ஆறு கிலோமீற்றரோ?"
கேட்டவர் கெட்ட மனிதர் இல்லை.
அவருக்குப் பின்னால் சுவரில் மாவட்ட வரைபடம்,
அதில் வெருகல் ஒரு நீல நூல்,
மழை காலத்திலும் அதே தடிப்பு.

நாற்பத்திரண்டாம் நாள்
பாதையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
உனக்கு எப்படி என்று கேட்டேன்.
"பிள்ளை இப்ப..."
பிள்ளை இல்லை, உனக்கு.

வதனரூபி என்னையே பார்த்தாள்,
அந்தக் கேள்விக்கான மறுமொழியை
எங்கே வைத்தோம் என்று
வீடு முழுக்கத் தேடுகிறவள் மாதிரி.
"ஆறுது மிஸ்," என்றாள்.
பிறகு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

இன்னும் மூன்று வீடு கிடந்தது.
நேரமில்லை என்றேன்.
குடித்தேன்.